பெங்களூரு இன்னும் ஏன் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்கிறது? 1892-லேயே கல்விக் கடன் கொடுக்கத் தொடங்கிய ஒருவரின் கதை

பெங்களூருவில் யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ஐஐஎஸ்சி போகணும் என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் வயதானவராக இருந்தால், டாடா இன்ஸ்டிட்யூட்டா என்று திருப்பிக் கேட்கக்கூடும். மல்லேஸ்வரம், சதாசிவநகர் பக்கம் பல ஆண்டுகளாக வசிக்கிறவர்களுக்கும் அது டாடா இன்ஸ்டிட்யூட்தான். ஆனால் வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் டாடா என்ற சொல் கிடையாது. அதிகாரபூர்வப் பெயர் இந்திய அறிவியல் கழகம். தன் பெயரை அதற்கு வைக்க வேண்டாம் என்று சொன்னவர் வேறு யாருமில்லை, பணம் கொடுத்தவரேதான்.

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா. எஃகு ஆலை, தாஜ் ஓட்டல், நீர்மின் நிலையம் என்று அவரைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். இங்கே நாம் பார்க்கப்போவது அதிகம் பேசப்படாத பக்கம். படிக்க வசதியில்லாத, ஆனால் படிக்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வியோடு அவர் செலவழித்த கடைசி 12 ஆண்டுகள்.

இதை இப்போது ஏன் படிக்க வேண்டும்? மே மாதம் வந்தால் உங்களுக்கும் ஊரிலிருந்து அந்த போன் வரும். சித்தப்பா பையன் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான், அத்தை பொண்ணுக்கு சீட் கிடைச்சிருக்கு, ஃபீஸுக்கு என்ன வழி, லோன் போடலாமா, ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா, நீதான் பெங்களூர்ல இருக்கியே, உனக்குத் தெரியாததா என்று. குடும்பத்தில் முதலில் ஐடி வேலைக்கு வந்தவருக்கு இந்தக் கூடுதல் பொறுப்பு தானாகவே வந்து சேர்ந்துவிடும். அந்த போனுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி 130 ஆண்டு பழையது.

அர்ச்சகர் குடும்பத்திலிருந்து

1839 மார்ச் 3-ம் தேதி, இன்றைய குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தார் ஜாம்ஷெட்ஜி. தலைமுறை தலைமுறையாகப் பார்சி மத குருக்களாக இருந்த குடும்பம். அப்பா நசர்வான்ஜிதான் அந்த வழக்கத்தை உடைத்து, வியாபாரம் செய்ய பம்பாய்க்குப் போனார். மகனைத் தன் 14-வது வயதில் அங்கே வரவழைத்து எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858-ல் ஜாம்ஷெட்ஜி படிப்பை முடித்தார்.

அடுத்த ஆண்டே ஹாங்காங். அப்பாவின் நிறுவனம் சீனாவுக்குப் பருத்தியும் அபினும் ஏற்றுமதி செய்தது. ஆம், அபினும்தான். அந்தக் காலத்து பம்பாய் வணிகக் குடும்பங்கள் பலவும் செய்த தொழில்தான் என்றாலும், வாழ்க்கை வரலாற்றில் அதை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

பிறகு லண்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது நின்றுபோக, பம்பாய்ப் பருத்திக்கு வானளவு விலை ஏறியிருந்த நேரம். 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. லண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜியின் கையில் இருந்த பத்திரங்கள் வெறும் காகிதம் ஆயின. இருபத்தாறு வயதில், வெளியூரில், கடன்காரர்கள் முன்னால் நின்று கணக்குச் சொல்ல வேண்டிய நிலை. அவர் மறைக்காமல் சொன்னார். அதில் ஏற்பட்ட நம்பிக்கையில், கணக்கை முடித்துக்கொடுக்கும் பொறுப்பையே அவரிடம் விட்டார்கள். கடன் என்றால் என்ன, கடன் வாங்கியவனின் நாணயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்து அல்ல.

1868-ல் 21,000 ரூபாய் முதலில் சொந்த நிறுவனம். 1877 ஜனவரி 1-ல் நாக்பூரில் எம்ப்ரஸ் ஆலை. அதன் பிறகு பணம் பெரிதாக ஒரு பிரச்சினையாக இல்லை. இந்தக் காலகட்டத்தை வேகமாகக் கடந்துவிடுவோம், நமக்கு வேண்டியது 1892.

நன்கொடை இல்லை, கடன்

1892-ல் வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கப் போகும் இந்தியர்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார் ஜாம்ஷெட்ஜி. ஜே.என்.டாடா எண்டோமென்ட் என்று இன்றும் இயங்குவது அதுதான். முதலில் பார்சி மாணவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, இரண்டே ஆண்டுகளில், 1894-ல், எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்துவிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பெயர் ஸ்காலர்ஷிப், ஆனால் கொடுத்தது கடன். படித்து முடித்து, சம்பாதிக்க ஆரம்பித்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிய பணம் பெட்டியில் போய் உட்காராது, அடுத்த மாணவருக்குப் போகும்.

அவ்வளவு வசதியான மனிதர் ஏன் சும்மா கொடுக்கவில்லை? கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. ஆறு வருடம் கழித்து தன் சொத்தில் பாதியைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். காரணம் கணக்கு. தானமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் ஒருவருக்கு ஒரு முறை பயன்படும். சுழல விட்டால் அதே ரூபாய் பலருக்குப் பயன்படும். இன்னொன்றும் உண்டு. தர்மம் வாங்கிப் படித்தேன் என்ற கூச்சம் வாங்கியவருக்கு இருக்காது.

அன்றைய சூழலையும் நினைவில் வையுங்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் பல்கலைக்கழகங்கள் 1857-ல் தொடங்கப்பட்டவை என்றாலும், அவை பெரும்பாலும் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளாகவே இருந்தன. ஆராய்ச்சி என்று ஒன்று நடக்கவில்லை. ஐசிஎஸ் தேர்வோ லண்டனில் மட்டுமே நடந்தது. இந்தியாவிலும் எழுதலாம் என்ற நிலை 1922-ல்தான் வந்தது. அதாவது, மூளை இருந்தால் போதாது, கப்பல் டிக்கெட் வாங்கக் காசும் வேண்டும். சென்னைக்குப் போய் நீட் கோச்சிங் சேர முடியாத கிராமத்துப் பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், புரியும்.

இந்த நிதியின் தொடக்கக் காலத்தில் தேர்வானவர்களில் இருவர் பெண் மருத்துவர்கள்: ஃப்ரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர். பிரசவத்துக்கு ஆண் டாக்டரிடம் போகமாட்டோம் என்று பெண்கள் வீட்டிலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு தெளிவான யோசனை இருந்திருக்கிறது. 1924 வாக்கில், ஐசிஎஸ்-க்குள் நுழைந்த இந்தியர்களில் ஐந்தில் இருவர் டாடா நிதியில் படித்தவர்கள் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு.

கெட்டிக்காரருக்கா, ஏழைக்கா?

இங்கே கொஞ்சம் நிற்போம். ஜாம்ஷெட்ஜியின் எண்ணம் வெளிப்படையானது. மிகவும் பலவீனமான நிலையில் இருப்பவர்களைத் தாங்கிப் பிடிப்பதைவிட, மிகத் திறமையானவர்களை மேலே ஏற்றிவிடுவதுதான் நாட்டை முன்னேற்றும் என்று அவர் நம்பினார். இன்றைக்கு இதைப் படிக்கும்போது நெருடுகிறது, இல்லையா? நெருட வேண்டும். 1892-ல் பட்டம் வாங்கி, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருந்தவர்கள் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் போதும். ஏணியின் கடைசிப் படிகளுக்குத்தான் அந்தப் பணம் போனது. முதல் படியே இல்லாதவர்களுக்கு அது எட்டவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவும் இல்லை. கேரளத்தின் உழவூரில் ஓர் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்த பையன் ஒருவர். ஃபீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். புத்தகம் வாங்க வழியில்லாமல், அண்ணன் கடன் வாங்கிவந்த புத்தகங்களைக் கையால் எழுதிக்கொடுக்க, அதை வைத்துப் படித்தவர். 1943-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம். 1945-ல் ஜே.என்.டாடா உதவித்தொகையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனார். பெயர் கே.ஆர்.நாராயணன். 1997-ல் இந்தியக் குடியரசுத் தலைவர் ஆனார்.

அவருக்கு டாடா நிதி கிடைத்தது சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்த அண்ணன் எழுதிய நோட்டுகள் இருந்திருக்காவிட்டால், விண்ணப்பிக்கும் இடத்துக்கே அவர் வந்திருக்க மாட்டார். உதவித்தொகை பற்றிப் பேசும்போது இந்த முதல் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். பிளஸ் டூ மாணவர்களுக்கு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் செய்வது அந்த அண்ணன் செய்த வேலைதான்.

பெங்களூருக்கும் இந்தப் பட்டியலில் பங்கு உண்டு. இங்கே பள்ளிப் படிப்பை முடித்து, பின்னாளில் இந்திய அணுசக்தித் திட்டத்தில் முக்கிய இடம் வகித்த ராஜா ராமண்ணா, டாடா ஸ்காலராக லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்தவர்.

எத்தனை பேரைக் கப்பல் ஏற்ற முடியும்?

ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு எல்லை இருக்கிறது என்பது ஜாம்ஷெட்ஜிக்குப் புரிந்திருந்தது. 1889-ல் பம்பாய் ஆளுநர் ரே பிரபு ஓர் உரையில், தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகங்கள் நாட்டுக்குப் போதாது என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். அது இவர் மனதில் தங்கிவிட்டது. நண்பர் பர்ஜோர்ஜி பாட்ஷாவை வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைப் பார்த்துவர அனுப்பினார்.

1898-ல் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அமைக்க பம்பாயில் உள்ள கட்டடங்கள், நிலங்கள் என 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்து. அவருடைய மொத்தச் சொத்தில் ஏறக்குறைய பாதி. அதே ஆண்டு நவம்பரில் விவேகானந்தருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இருவரும் 1893-ல் யோகோஹாமாவிலிருந்து வான்கூவருக்கு ஒரே கப்பலில் பயணம் செய்தவர்கள். கப்பலில் பேசிக்கொண்டதை நினைவுபடுத்தி, இந்த முயற்சிக்குத் துணை நிற்கும்படி கேட்டிருந்தார்.

1898-ன் கடைசி நாளில், அப்போதுதான் பம்பாயில் வந்து இறங்கியிருந்த புதிய வைஸ்ராய் கர்சனிடம் திட்டம் கொண்டுபோகப்பட்டது. அவர் உற்சாகம் காட்டவில்லை. அவருடைய சந்தேகங்கள் இரண்டு. இவ்வளவு உயர்ந்த படிப்புக்கு இந்தியாவில் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்? படித்து முடித்தால் அவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கேட்ட மாதிரி இருக்கிறதா? பிஎஸ்சி பிசிக்ஸ் எடுக்கிறேன் என்று சொன்ன பிள்ளையிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். வைஸ்ராய் கேட்டாலும் மாமா கேட்டாலும் வார்த்தைதான் மாறுகிறது. படிப்பு முதலில் வரணுமா, வேலை முதலில் வரணுமா? வேலை இருந்தால்தான் படிப்பு என்றால் இரண்டுமே வராது என்பது ஜாம்ஷெட்ஜியின் பதில். எஃகு ஆலை, மின்சாரம், ஆராய்ச்சி நிறுவனம் மூன்றையும் அவர் ஒரே சமயத்தில் துரத்தியது அதனால்தான்.

பெங்களூரு எப்படி வந்தது?

இடம் எது என்பதிலும் இழுபறி. லண்டனிலிருந்து வேதியியலாளர் வில்லியம் ராம்சே வரவழைக்கப்பட்டார். பின்னாளில், 1904-ல், நோபல் பரிசு பெற்றவர். நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் பரிந்துரைத்த ஊர் பெங்களூரு. தட்பவெப்பம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மைசூர் சமஸ்தானம் கையை நீட்டியது.

அன்று மைசூரை ஆண்டவர் ஒரு பெண். மகன் கிருஷ்ணராஜ உடையார் சிறுவனாக இருந்ததால் மகாராணி வாணி விலாச சன்னிதானம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். திவான், பாலக்காட்டில் பிறந்த தமிழர் கே.சேஷாத்ரி ஐயர். இந்த ஊரில் சேஷாத்ரி சாலை, சேஷாத்ரிபுரம் என்று நீங்கள் தினமும் கடந்துபோகிற பெயர் அவருடையது. நிலமும் பணமும் தருவதாக சமஸ்தானம் முன்வந்தது. கடைசியில் கிடைத்தது 371 ஏக்கர். இன்றைய பெங்களூரு நில விலையில் அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம், தலை சுற்றும்.

ஜாம்ஷெட்ஜிக்கு பெங்களூரு ஏற்கனவே பழக்கமான ஊர்தான். பசவனகுடியில் டாடா சில்க் ஃபார்ம் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது பெயர் மட்டும் அல்ல. ஜப்பானிய முறையில் பட்டு வளர்க்க முடியுமா என்று அவர் உண்மையிலேயே பண்ணை வைத்துப் பார்த்த இடம்.

அரசு ஒப்புதல் மட்டும் வரவில்லை. கமிட்டி, அறிக்கை, மறு அறிக்கை. சேஷாத்ரி ஐயர் 1901-ல் காலமானார். 1904 மே 19-ம் தேதி, ஜெர்மனியின் பாட் நௌஹைமில் ஜாம்ஷெட்ஜியும் இறந்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாழ்நாளில் ஐஐஎஸ்சி-க்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

மகன்கள் டோராப்ஜி, ரத்தன் இருவரும் அப்பா கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை. 1909 மே 27-ல் அரசாணை வெளியானது. 1911-ல் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்ட, அதே ஆண்டு வேதியியலும் மின் தொழில்நுட்பமும் படிக்க முதல் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ், ராம்சேயின் மாணவர். பிரதானக் கட்டடத்தின் முன்னால் ஜாம்ஷெட்ஜியின் சிலை வந்தது 1922-ல்.

எல்லாருக்கும் கதவு திறந்ததா?

பெண் மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்த ஒருவர் கனவு கண்ட நிறுவனத்தில், 1933-ல் கமலா பாக்வத் என்ற மாணவி விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுக்கப்பட்டார். அப்போது இயக்குநர் நம்ம சி.வி.ராமன். கமலா விடவில்லை, பெங்களூருக்கே வந்து வாதாடினார். நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். படிப்பில் தன்னை நிரூபித்த பிறகே நிபந்தனைகள் விலகின. பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கமலா சோஹோனி என்ற பெயரில் உயிர்வேதியியலாளராக அறியப்பட்டார். காசு இருந்தும், மார்க் இருந்தும் மூடியிருக்கும் கதவுகள் உண்டு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, உங்களுக்கு வரும் அந்த போனுக்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜே.என்.டாடா எண்டோமென்ட் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது அல்ல. பட்டம் முடித்து, வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கானது. வாட்ஸ்அப்பில் டாடா ஸ்காலர்ஷிப் என்று வரும் எல்லாமே இது கிடையாது. நம்புவதற்கு முன் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பாருங்கள்.

அன்றைய கடன் யோசனையின் இன்றைய அரசு வடிவம் பிஎம் வித்யாலட்சுமி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் மேலே உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு, அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்க வழி செய்வது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்து, வேறு உதவித்தொகை எதுவும் பெறவில்லை என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும், இதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பார்ப்பது முக்கியம். சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கடனுக்குப் போவதற்கு முன்னால், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுக் கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தனியார் கல்லூரியில் நேரடியாக மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிட்டு இதைக் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதில் ஏமாறுகிறார்.

பெங்களூருவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. தமிழ்நாட்டுச் சலுகைகள் பெரும்பாலும் அங்கே பள்ளியில் படித்தவர்களுக்கு. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் பொதுவான தகுதி, மாநிலத்துக்குள் குறைந்தது ஏழு ஆண்டு பள்ளிப் படிப்பு. சில விதிவிலக்குகளும் உண்டு. நடுவில் மூன்று வருடம் ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்திருந்தால், இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்று ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. சாதிச் சான்றிதழும் மாநிலம் மாறினால் அப்படியே செல்லாது. இதையெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் மார்க் குறைவால் அல்ல. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்டில் வேறு இனிஷியல். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாமல் இருப்பது. வருமானச் சான்றிதழ் காலாவதியாகி இருப்பது. அப்பா கூலி வேலைக்குப் போயிருப்பார், இ-சேவை மையத்துக்கு அலைய ஆள் இருக்காது, கடைசித் தேதி போய்விடும். நாராயணனின் அண்ணனுக்கு ஒரு பேனாவும் பொறுமையும் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு ஸ்கேன் ஆப்பும் ஒரு சனிக்கிழமையும் போதும். அடுத்த முறை போன் வந்தால் மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வருமானச் சான்றிதழ் வாங்கியாச்சா என்று கேளுங்கள்.